சங்கேதத்தின் கதை – 9: பன்னிரண்டு சக்கரம், ஆயிரத்து அறுநூறு வால்வு

போன இதழில் பார்த்த ஜெர்மன் சங்கேத இயந்திரமான எனிக்மாவுக்கு ஆள்பலம் அதிகம் வேண்டும். ஒருவர் விசையை அழுத்துவார். விளக்கு எரியும் எழுத்தை இன்னொருவர் தாளில் குறிப்பார். அந்தத் தாளை வாங்கி மூன்றாமவர் மோர்ஸ் கட்டையைத் தட்டுவார். மறுமுனையில் இதே வேலை தலைகீழாக நடக்கும். அட்லாண்டிக்கில் மிதக்கும் நீர்மூழ்கி தான் இருக்கும் இடத்தை நாலு வரியில் சொல்ல இது போதும். ஆனால் எத்தனை டாங்கி மிச்சம், பெட்ரோல் எத்தனை நாளைக்கு வரும், எந்தப் படைப்பிரிவு எங்கே நகர்கிறது என்று ரஷ்யப் போர்முனைத் தளபதி பெர்லினுக்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டுமென்றால் இது போதவே போதாது.

ஜெர்மனியில் டெலிபிரிண்டர் அப்போது பழகிப்போன சாதனம். இந்த ஊரில் தட்டினால் அந்த ஊரில் அச்சாகும். கம்பி இருந்தவரை சிக்கல் இல்லை. ஹிட்லரின் படைகள் ஐரோப்பா முழுக்கப் பரவியபோது கம்பி கூடவே போகமுடியவில்லை. வானொலி அலையில்தான் டெலிபிரிண்டரை ஓட்ட வேண்டியிருந்தது. வானொலியோ யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடியது. ஆகவே ஜெர்மன் ராணுவம் பெர்லினில் இருந்த லோரன்ஸ் நிறுவனத்திடம் ஓர் இணைப்புக் கருவியைக் கேட்டது. டெலிபிரிண்டருக்கும் வானொலிக்கும் நடுவில் அதைப் பொருத்திவிட்டால் தட்டுகிற எழுத்து தானாகவே சங்கேதமாகி வெளியேற வேண்டும். மறுமுனையில் தானாகவே பிரிந்து ஜெர்மன் மொழியில் அச்சாக வேண்டும். சங்கேத எழுத்தை இரு முனையிலும் மனிதக் கண் பார்க்கவே தேவையில்லை.

அப்படி உருவானதுதான் எஸ்.இசட். 40. எனிக்மாவை உடைத்த கதை உலகமெங்கும் சினிமாவாகிவிட்டது. அதைவிடச் சிக்கலான இந்த இயந்திரத்தின் கதை பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தது.

ஐந்து துளைகளின் கணக்கு

லோரன்ஸ் இயந்திரத்தின் மூலக்கருத்து ஜெர்மனியில் பிறந்ததல்ல. ஒற்றர்களும் கணிதப் பேராசிரியர்களும் யோசித்ததும் அல்ல. 1917-ல், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி.யில் வேலை பார்த்த கில்பர்ட் வெர்னாம் என்ற இளம் பொறியாளர் கண்டுபிடித்தது.

டெலிபிரிண்டரில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் நாடாவில் துளை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆக மொத்தம் 32 சேர்க்கைகள். துளையை 1 என்றும் வெற்றிடத்தை 0 என்றும் எழுதினால் ஏ என்பது 11000. பி என்பது 10011. வெர்னாம் செய்தது ஒரு விநோதக் கூட்டல். இரண்டு இடங்களும் ஒன்றாக இருந்தால் விடை 0. வேறாக இருந்தால் 1. ஏ-யையும் பி-யையும் இப்படிக் கூட்டினால் 01011 வரும். அது ஜி. இப்போது அந்த ஜி-யுடன் மறுபடியும் பி-யைக் கூட்டிப் பாருங்கள்: 11000. ஏ திரும்பி வந்துவிட்டது.

செய்தி எழுத்து ஏ, திறவுகோல் எழுத்து பி, காற்றில் போவது ஜி. மறைக்கவும் கூட்டல்தான், பிரிக்கவும் அதே கூட்டல்தான். ஒரே கருவி இரண்டு முனைக்கும் போதும். சில மின்தொடர்பு ரிலேக்களைக் கொண்டே இதைச் செய்துவிடலாம். இன்று கணினி வல்லுநர்கள் எக்ஸார் என்று அழைப்பது இந்தக் கூட்டலைத்தான்.

திறவுகோலை இன்னொரு துளை நாடாவில் பதித்து ஓடவிட்டார் வெர்னாம். அந்த நாடாவில் எழுத்துகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் இருக்க வேண்டும், ஒருமுறை ஓடிய நாடா மறுபடி ஓடக்கூடாது என்று சேர்த்துச் சொன்னவர் அமெரிக்க ராணுவத்தின் ஜோசப் மாபோர்ன். இந்த இரண்டு நிபந்தனையும் நிறைவேறினால் அந்தச் சங்கேதத்தை யாராலும் உடைக்கவே முடியாது என்பதைக் கிளாட் ஷானன் பின்னாளில் கணிதமாகவே நிரூபித்தார்.

ஆனால் எவ்வளவு செய்தியோ அவ்வளவு திறவுகோல் நாடா வேண்டும். நாடாவை அச்சிட்டு, இரு முனைக்கும் பத்திரமாகக் கொண்டு சேர்த்து, வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். பரந்து கிடக்கும் போர்முனைகளுக்கு லாரி லாரியாகக் காகிதம் அனுப்ப எந்த ராணுவத்தால் முடியும்? லோரன்ஸ் பொறியாளர்கள் நாடாவைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சக்கரங்களை வைத்தார்கள்.

501 முளைகள்

மொத்தம் பன்னிரண்டு சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் சின்னச் சின்ன முளைகள். முளையை நிமிர்த்தி வைத்தால் 1. சாய்த்து வைத்தால் 0. முதல் ஐந்து சக்கரங்களில் 41, 31, 29, 26, 23 முளைகள். அடுத்த ஐந்தில் 43, 47, 51, 53, 59. மீதி இரண்டில் 61, 37. கூட்டினால் 501.

இந்த எண்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. எந்த இரண்டுக்கும் பொது வகுத்தி கிடையாது. ஏழு கிழமையும் இருபத்தேழு நட்சத்திரமும் தனித்தனியே சுற்றும்போது, அதே கிழமையும் அதே நட்சத்திரமும் மறுபடி சேர்ந்து வரக் கணக்குப்படி 189 நாள் ஆகிறதல்லவா, அதே தர்க்கம்தான். பன்னிரண்டு சக்கரமும் தொடங்கிய நிலைக்குத் திரும்பும் முன் ஏற்படக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை, 16-க்குப் பின்னால் 18 சுழியம் போட்டால் வரும் அளவு.

முதல் ஐந்து சக்கரங்களும் எழுத்துக்கு எழுத்து ஒரு முளை நகரும். அடுத்த ஐந்தும் சில சமயம் நகரும், சில சமயம் மொத்தமாக நின்றுவிடும். எப்போது நகர்வது, எப்போது நிற்பது என்பதைக் கடைசி இரண்டு சக்கரங்கள் தீர்மானிக்கும். இந்த இரு ஐந்துகளும் தரும் எழுத்துகளைக் கூட்டினால் கிடைப்பது திறவுகோல் எழுத்து. ஒழுங்கின்மையைக் கூட்டத்தான் இந்த நின்று நின்று போகும் ஏற்பாடு. எந்த நிற்றலை அவர்கள் பலம் என்று நினைத்தார்களோ, கடைசியில் அதுதான் எதிரிக்கு வழிவிட்டது.

ஏதென்ஸில் ஒரு சோம்பல்

1941 ஆகஸ்ட் 30. ஏதென்ஸிலிருந்து வியன்னாவுக்கு லோரன்ஸ் பரிசோதனையாக ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 4,000 எழுத்துள்ள நீண்ட செய்தி ஒன்றை ஏதென்ஸில் இருந்தவர் அனுப்பி முடித்தார். மறுமுனையிலிருந்து பதில் வந்தது: சரியாக வரவில்லை, மறுபடி அனுப்பு.

விதிப்படி சக்கரங்களைப் புதிய நிலையில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். அவர் பழைய நிலைக்கே திருப்பி வைத்தார். அத்தோடு நின்றிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். அதே செய்தி, அதே திறவுகோல் என்றால் அதே சங்கேதம்தான் மறுபடி வரும், எதிரிக்கு லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் 4,000 எழுத்தை இரண்டாம் முறை தட்ட யாருக்குத்தான் கை வரும்? 'ஷ்ப்ரூக்நும்மர்', அதாவது செய்தி எண், என்று முதலில் முழுசாகத் தட்டியவர் இம்முறை அதைச் சுருக்கினார். அங்கிருந்து இரண்டு செய்தியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகின. போகப் போக இன்னும் சில சொற்களையும் குறுக்கினார்.

இரண்டையும் பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்பு நிலையம் பிடித்துவிட்டது. பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் அவை ஜான் டில்ட்மன் கைக்கு வந்தன. 1920-களில் சிம்லாவில் உட்கார்ந்து ரஷ்யச் சங்கேதங்களை உடைத்துப் பழகிய ராணுவ அதிகாரி அவர். ஒரே திறவுகோல் கொண்ட இரண்டு சங்கேதங்களையும் வெர்னாம் முறையில் கூட்டினால் திறவுகோல் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது இரண்டு ஜெர்மன் செய்திகளின் கூட்டல் மட்டுமே. ஒன்றில் ஒரு சொல்லை ஊகித்து வைத்து, மற்றதில் அர்த்தமுள்ள ஜெர்மன் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால் இங்கே இரண்டு எழுத்து நீட்டி அங்கே இரண்டு எழுத்து சரிபார்க்க வேண்டும். பத்து நாளில் டில்ட்மன் இரண்டையும் பிரித்தெடுத்தார். கூடவே ஏறக்குறைய 4,000 எழுத்து நீளமுள்ள சுத்தமான திறவுகோலும் கைக்கு வந்தது.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை உமிழ்ந்த இயந்திரம் எப்படி இருக்கும் என்று எவருக்கும் தெரியாது. தாள்கள் பில் டட் என்ற இளைஞரிடம் வந்தன. நியூமார்க்கெட் என்ற ஊரில் ஒரு தோட்டக்காரரின் மகன். கேம்பிரிட்ஜில் வேதியியல் படித்தவர். பென்சிலை உருட்டிக்கொண்டு வெட்டவெளியை வெறித்துப் பார்த்தபடியே மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார் என்று உடன் வேலை செய்த ஜெரி ராபர்ட்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

டட் செய்தது இதுதான். ஒவ்வொரு திறவுகோல் எழுத்திலும் உள்ள ஐந்து இடங்களில் முதல் இடத்தை மட்டும் பிரித்தெடுத்தார். அந்த 0, 1 வரிசையைக் கட்டம் போட்ட தாளில், வரிக்கு 575 கட்டமாக எழுதிக்கொண்டே போனார். ஏதாவது ஒரு நீளத்தில் வரிசை திரும்ப வருகிறதென்றால், மேல் வரியும் கீழ் வரியும் ஒத்துப்போக வேண்டும். நேர் கீழே ஒத்துப்போகவில்லை. சாய்வாகப் பார்த்தபோது ஒத்துப்போனது! அப்படியானால் திரும்பும் நீளம் 575 அல்ல, 574. அந்த எண்ணின் பகாக் காரணிகளில் ஒன்று 41. வரிக்கு 41 கட்டமாக மறுபடி எழுதிப் பார்த்தார். 0-க்களும் 1-களும் அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப வந்தன. ஆக, 41 முளையுள்ள ஒரு சக்கரம் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பிடியை வைத்து மற்ற சக்கரங்களையும் ஒவ்வொன்றாக இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். 1942 ஜனவரிக்குள் இயந்திரத்தின் முழு அமைப்பும் காகிதத்தில் வந்துவிட்டது. அசல் லோரன்ஸ் இயந்திரத்தைப் பிரிட்டிஷ்காரர்கள் கண்ணால் பார்த்தது 1945-ல், போர் முடிகிற நேரத்தில்தான்.

63 லட்சம் ஒப்பீடு

அமைப்பு தெரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்கள் எந்த நிலையில் தொடங்கின என்று கண்டுபிடித்தாக வேண்டும். தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் அந்த நிலையைக் காட்டும் பன்னிரண்டு எழுத்துகளைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பினார்கள். 1942 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டு, புத்தகத்தைப் பார்த்து எண் மட்டும் சொல்லும் முறைக்கு மாறினார்கள். வாசல் சாத்தப்பட்டது.

அடுத்த மாதமே டட் இன்னொரு வழி சொன்னார். இரண்டாம் தொகுதிச் சக்கரங்கள் ஐந்தும் சில சமயம் மொத்தமாக நின்றுவிடும் என்று பார்த்தோமல்லவா? அவை நிற்கும் கணத்தில், ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையிலான மாற்றத்தில் அவற்றுக்குப் பங்கே கிடையாது. மாற்றம் முழுக்க முதல் தொகுதிச் சக்கரங்களாலும் ஜெர்மன் மொழியின் இயல்பாலும் வருவது. அடுத்தடுத்து ஒரே எழுத்து வருவது ஜெர்மனில் சாதாரணம். ஆகவே முதல் இரண்டு சக்கரங்களைச் சரியான நிலையில் வைத்துச் சங்கேதத்தோடு ஒப்பிட்டால், பாதிக்குப் பாதி விழவேண்டிய 0-க்கள் பாதியைவிடச் சற்றே கூடுதலாக விழும். தவறான நிலையில் அந்தச் சாய்வு இருக்காது.

சாய்வு சில சதவீதம்தான். அதைப் பிடிக்கச் செய்தி முழுவதையும் எண்ணியாக வேண்டும். முதல் சக்கரத்துக்கு 41 நிலை, இரண்டாவதற்கு 31, பெருக்கினால் 1,271. செய்தி 5,000 எழுத்து என்று வைத்துக்கொண்டால், 63 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பீடுகள். அதுவும் பன்னிரண்டில் இரண்டு சக்கரத்துக்கு மட்டும். செய்தியோ நாள் தவறாமல் வந்துகொண்டே இருந்தது. இங்கேதான் பென்சில் தோற்றது.

கணித மேதை மேக்ஸ் நியூமன் இந்த எண்ணும் வேலையை இயந்திரத்திடம் விடலாம் என்றார். 1943 நடுவில் முதல் இயந்திரம் வந்தது. அதில் இரண்டு துளை நாடாக்கள். ஒன்றில் சங்கேதம், இன்னொன்றில் சக்கரங்களின் வடிவம். இரண்டும் பல்சக்கரத்தில் மாட்டி வேகமாகச் சுற்றும். ஒளிக்கதிர் துளைகளைப் படிக்கும். எளிய வேலைக்குப் பிரம்மாண்ட இயந்திரங்களை வரைந்து சிரிக்கவைத்த கேலிச்சித்திரக்காரர் ஹீத் ராபின்சனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பெயருக்கேற்றபடிதான் நடந்துகொண்டது. பல் உரசி நாடா நீண்டது. இரண்டு நாடாவும் ஒரு துளை பிசகினாலும் எண்ணிக்கை பாழ். சில நேரம் நாடா அறுந்தே போகும்.

தபால் துறையின் கொத்தனார் மகன்

ராபின்சனைச் சரிசெய்து தரச் சொல்லி அழைக்கப்பட்டவர் டாமி ஃபிளவர்ஸ். கிழக்கு லண்டனில் ஒரு கொத்தனாரின் மகன். பிரிட்டனில் தொலைபேசியும் தபால் துறையின் கையில்தான் இருந்தது. லண்டனின் டாலிஸ் ஹில்லில் அத்துறைக்கென்று ஆய்வு நிலையம் உண்டு. ஃபிளவர்ஸ் அங்கே தானியங்கித் தொலைபேசி இணைப்பகங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தார்.

சரிசெய்வதில் பயனில்லை என்றார் அவர். இரண்டாவது நாடாவே வேண்டாம். சக்கரங்களின் வடிவத்தை வால்வுகளாலேயே, அதாவது மின்னணு வெற்றிடக் குழாய்களாலேயே, உருவாக்கிவிடலாம். சங்கேத நாடா ஒன்று மட்டும் ஓடினால் போதும். அந்த நாடாவின் நடுவே வரிசையாக இருக்கும் சிறு துளைகளே தாளம் போடட்டும். அந்தத் தாளத்துக்கு வால்வுகள் அடியெடுத்து வைக்கட்டும். நாடா நீண்டாலும் சுருங்கினாலும் பிசகு வராது.

எத்தனை வால்வு? ஆயிரத்துக்கும் மேல். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். வால்வு ரேடியோ வைத்திருந்த எல்லோருக்கும் அது அடிக்கடி பழுதாகும் என்று தெரியும். ஆயிரம் வால்வில் ஏதாவது ஒன்று தினமும் போய்க்கொண்டே இருக்காதா? ஃபிளவர்ஸுக்கு வேறொன்று தெரிந்திருந்தது. வால்வைக் கெடுப்பது ஓட்டம் அல்ல; போட்டு அணைப்பதுதான். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும்போதுதான் அது உடைகிறது. தொலைபேசி இணைப்பகத்தை இரவில் யாரும் அணைப்பதில்லை. 1930-களில் அங்கே ஆயிரக்கணக்கான வால்வுகளை அணைக்காமல் ஓடவிட்டு அனுபவப்பட்டவர் அவர்.

பிளெட்ச்லியில் பலருக்கும் நம்பிக்கை வரவில்லை. டாலிஸ் ஹில்லின் தலைவர் கார்டன் ராட்லி ஆதரவாக நின்றார். ஃபிளவர்ஸும் அவருடைய குழுவும் இரவு பகலாக உழைத்தார்கள். தம் கைக்காசையும் அவர் அதில் போட்டார். 1943 டிசம்பரில் டாலிஸ் ஹில்லில் ஓடிக்காட்டிய இயந்திரம், 1944 ஜனவரி 18 அன்று பிளெட்ச்லி வந்து சேர்ந்தது. பிப்ரவரி 5-ல் முதல் செய்தியைத் தாக்கியது. சுமார் 1,600 வால்வுகள். ஒரு முழு அறையை அடைத்துக்கொண்ட உருவம். வைத்த பெயர் கொலோசஸ்.

விநாடிக்கு 5,000 எழுத்து. காகித நாடா விநாடிக்குப் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் பறந்தது. 5,000 எழுத்துச் செய்தியின் 1,271 நிலைகளையும் ஏறக்குறைய 21 நிமிடத்தில் சோதித்துவிடலாம். அதற்குமேல் வேகம் கூட்டினால் என்ன ஆகும் என்றும் ஃபிளவர்ஸ் பார்த்தார். விநாடிக்கு 9,700 எழுத்தில் நாடா கிழிந்து பறந்தது. காகிதத்தின் எல்லை அது. ஆகவே இரண்டாம் மாதிரியில் நாடாவை வேகப்படுத்தாமல், ஒரே நேரத்தில் ஐந்து ஒப்பீடு நடக்கும்படி செய்தார். வால்வுகள் 2,400 ஆயின. வேகம் விநாடிக்கு 25,000 எழுத்துக்கு இணையாக உயர்ந்தது. 1944 ஜூன் 1 அன்று அது ஓடத் தொடங்கியது. ஐந்து நாள் கழித்து நேசநாடுகளின் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின.

பெர்லினுக்கும் பாரிசுக்கும் நடுவே போய்க்கொண்டிருந்த லோரன்ஸ் செய்திகள், உண்மையான தாக்குதல் கலே பகுதியில்தான் நடக்கும் என்ற பொய்யை ஜெர்மன் தலைமை நம்பியிருப்பதைக் காட்டின. முந்தைய ஆண்டு குர்ஸ்க் போருக்கு முன்பு, கொலோசஸ் பிறக்காத நாளிலேயே, ஜெர்மானியத் திட்டம் இதே அலைவரிசைகளில் பிடிபட்டு, மூலம் தெரியாதபடி மாஸ்கோவுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

1944 ஆகஸ்டிலிருந்து சக்கரங்களின் முளை அமைப்பையே ஜெர்மானியர்கள் தினமும் மாற்றத் தொடங்கினார்கள். அதற்குள் கொலோசஸ் முளை அமைப்பைக் கண்டுபிடிக்கவும் பழகியிருந்தது. போர் முடிந்தபோது பத்துக் கொலோசஸ்கள் இருந்தன. அவற்றை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள். நாடா ஒட்டுவது, மாட்டுவது, விசைகளை அமைப்பது, எண்ணிக்கையைப் பதிவது எல்லாம் அவர்கள் வேலை. இயந்திரம் முதல் தொகுதிச் சக்கரங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்; மீதியை ஜெர்மன் தெரிந்த இன்னொரு பிரிவு கையால் முடிக்கும். இப்படிப் படிக்கப்பட்டவை மொத்தம் 6 கோடியே 30 லட்சம் எழுத்துகள்.

உலையில் போன வரைபடம்

போர் முடிந்ததும் பத்தில் எட்டைப் பிரித்துப் போட்டார்கள். மீதி இரண்டும் பிரிட்டனின் தகவல் தொடர்பு உளவு அமைப்போடு போய் 1960 வாக்கில் ஓய்வு பெற்றன. வரைபடங்களை எரிக்கச் சொல்லி உத்தரவு வர, டாலிஸ் ஹில்லின் கொதிகலன் உலையில் அவற்றைப் போட்டவர் ஃபிளவர்ஸேதான். அரசு அவருக்குக் கொடுத்த 1,000 பவுண்டு, அவர் கையிலிருந்து போட்டதற்கே ஈடாகவில்லை.

1946-ல் அமெரிக்காவின் எனியாக் உலகுக்கு அறிமுகமானபோது முதல் மின்னணுக் கணினி என்று பத்திரிகைகள் எழுதின. தொலைபேசித் துறையில் பழைய வேலைக்கே திரும்பியிருந்த ஃபிளவர்ஸ் வாய் திறக்கவில்லை, திறக்கவும் முடியாது. கொலோசஸ் நினைவகத்தில் நிரலைச் சேமிக்கும் பொதுக் கணினி அல்ல. விசைகளாலும் செருகிகளாலும் வேலையை மாற்றிக்கொள்ளும் தனிநோக்கு இயந்திரம். ஆனாலும் ஆயிரக்கணக்கான வால்வுகளை வைத்து இலக்க முறையில் நம்பகமாகக் கணக்குப் போட முடியும் என்பது அங்கே முன்பே நிரூபணமாகியிருந்தது. 1970-களில்தான் புகைப்படங்கள் வெளிவந்தன. 1945-ல் எழுதிய முழுத் தொழில்நுட்ப அறிக்கை வெளியானது 2000-ல்.

டோனி சேல் என்ற பொறியாளரின் குழு, பழைய புகைப்படங்களையும் சிலர் விதியை மீறிப் பத்திரப்படுத்தியிருந்த வரைபடத் துண்டுகளையும் வைத்து பிளெட்ச்லியில் ஒரு கொலோசஸை மறுபடி கட்டியது. 2007-ல் அதற்கொரு போட்டி வைத்தார்கள். ஜெர்மனியிலிருந்து அசல் லோரன்ஸ் இயந்திரத்தில் செய்தி அனுப்பப்பட்டது. கொலோசஸ் மணிக்கணக்கில் உழைத்துக்கொண்டிருக்க, பான் நகரைச் சேர்ந்த ஒருவர் மடிக்கணினியில் தாம் எழுதிய நிரலைக் கொண்டு 46 விநாடியில் சக்கர நிலைகளைக் கண்டுபிடித்துவிட்டார்.

இந்த நெடும்போட்டியில் தொலைபேசிக்காரர்களின் பங்கு லோரன்ஸோடு முடியவில்லை. டாலிஸ் ஹில்லில் வேலை பார்த்துவிட்டு உளவு அமைப்புக்குப் போன ஜேம்ஸ் எல்லிஸ், 1970-ல் ஓர் அறிக்கை எழுதினார். திறவுகோலை முன்கூட்டிக் கொடுத்து வைக்காமலே இருவர் ரகசியம் பேசிக்கொள்ள முடியும் என்றது அது. அந்த எண்ணம் அவருக்கு வந்தது, போர்க்காலத்தில் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் யாரோ எழுதிவைத்த ஒரு குறிப்பிலிருந்து. பேச்சு வரும் கம்பியில் கேட்பவரே இரைச்சலைக் கலந்துவிட்டு, பிறகு தாமே அதைக் கழித்துக்கொள்ளும் யோசனை அது. எல்லிஸ் அதை எண்களுக்கு எப்படி மாற்றினார், அதே விஷயத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தனியாக எப்படிக் கண்டுபிடித்தன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)